கரி வர்ற வரைக்கும் பிடிங்க

மூன்று மணிக்குத் தொட்டியைப் பார்த்து, "கண்ணாடின்னா இதுதான்யா கண்ணாடி!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார் பளிச்சு. மூன்றரைக்கு அதே தொட்டி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பளிச்சு என்பது மச்சினன் வைத்த பட்டப்பெயர். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. காகிதத்தில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலே விடமாட்டார், வீட்டில் விடுவாரா? குளித்து முடித்ததும் குழாயைத் துடைப்பார். துடைத்த துணியை உடனே துவைப்பார்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம். குழந்தை இல்லை. தத்தெடுக்க மனுப் போட்டார்கள். வீட்டைப் பார்க்க வந்த முதல் அதிகாரி, சோபா நுனியில் பயந்து பயந்து உட்கார்ந்தார். "வீடு மிகவும் சுத்தமாக உள்ளது. குழந்தைக்கு இதில் எங்கே இடம் என்று தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்கு மனைவி ஒரு வாரம் அழுதாள். அழுது முடித்த கையோடு ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கினாள். நாலு மாசம் அதில் பாசி படர விட்டு, பிறகு ஒரு கடல் முயலைக் கொண்டுவந்து விட்டாள்.

"முயல்னா துள்ளும். இது பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி கெடக்கே?" என்றார் பளிச்சு.

"அந்த ரெண்டு கொம்பைப் பாருங்க, காது மாதிரி இல்ல? பாசி திங்கும், போற வழியெல்லாம் கழியும். அழுக்கோட ஒரு உயிரைப் பாத்துக்கப் பழகுங்க."

இன்று ஐந்து மணிக்கு வேறொரு அதிகாரி வருவதாகக் கடிதம். இதுவும் கோணிக்கொண்டால் மனுவை மூடிவிடுவார்கள். மனைவி வேலையிலிருந்து நாலே முக்காலுக்கு வந்துவிடுவாள். வீடெல்லாம் மின்னும்போது தொட்டி மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றால் மனசு கேட்குமா? பாசியைச் சுரண்டினார். பம்பின் வாயில் மாட்டியிருந்த அழுக்குப் பஞ்சைக்கூடக் கழற்றி வெயிலில் காயப்போட்டார்.

கடல் முயலுக்குப் பாசிதான் சாப்பாடு. மனுஷன் சோற்றுப் பானையையே கழுவிக் கவிழ்த்துவிட்டார்! பசியோடு ஊர்ந்த ஜீவன், பஞ்சில்லாத பம்பின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. பளிச்சு பதறிப்போய் இழுத்தார். அது பயந்து ஊதா மையைக் கக்கியது. இன்னும் இழுத்தார். இன்னும் கக்கியது.

மீன் தொட்டிக் கடைக்குப் போன் போட்டார்.

"இழுக்காதீங்க சார்! முதல்ல பம்பை நிறுத்துங்க, அது தானா விட்டுடும்."

"விட்டுடுச்சு! ஆனா அசைய மாட்டேங்குதே?"

"நல்ல உப்புத்தண்ணி கலந்து வச்சிருந்தா வாளியில ஊத்தி அதுல மாத்துங்க. மைத்தண்ணியில ரொம்ப நேரம் கெடக்கக் கூடாது. தண்ணியைத் தெளிய வைக்கக் கரி குடுத்து ஆள் அனுப்புறேன்."

மனைவி கேனில் கலந்து வைத்திருந்த உப்புத்தண்ணீரை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் கைப்பையோடு ஓர் அம்மாள்.

"வணக்கம் சார், கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன். நான் வந்து..."

"வாங்கம்மா வாங்க! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்தீங்க. கரி எங்க?"

"கரியா?"

"மறந்துட்டீங்களா? நாசமாப் போச்சு! சரி, யாரையாவது கொண்டுவரச் சொல்லலாம். கரி வர்ற வரைக்கும் இந்த வாளியைப் பிடிங்க. ஆடக் கூடாது."

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அப்புறம் சொல்லலாம்மா, இங்க ஒரு உயிர் ஊசலாடுது!"

அந்த அம்மாள் பையை சோபாவில் போட்டுவிட்டு, தரையிலிருந்த வாளியைக் குனிந்து பிடித்தார். பளிச்சு ஒரு கிண்ணத்தால் கடல் முயலைத் தண்ணீரோடு மொண்டு உள்ளே விட்டார். ஊதாத் தண்ணீர் விரிப்பில் கொட்டியது. அந்த அம்மாளின் கையெல்லாம் ஊதா. பளிச்சு எதையும் கவனிக்கவில்லை. காய்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டு கிள்ளி அதன் வாய்க்கு நேரே நீட்டியபடி, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அது அசையவில்லை.

"நான்தாம்மா பாவி. சுத்தம் பண்றேன்னு அது சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"இது மேல அவ்வளவு பிரியமா சார்?"

"முதல்ல அருவருப்பா இருந்துச்சு. இப்போ காலையில எழுந்ததும் இது எந்த மூலையில இருக்குன்னு தேடிட்டுத்தான் பல்லே விளக்குறேன்."

"அப்புறம் ஏன் இன்னைக்கு இப்படிச் சுரண்டினீங்க?"

"அஞ்சு மணிக்கு ஒரு அதிகாரி வர்றாரும்மா. எங்களுக்குக் குழந்தை குடுக்கலாமான்னு பாக்க. அவருக்காகத்தான். இப்போ வீட்டைப் பாருங்க! என் வீட்டுக்காரி மறுபடியும் அழுவா." அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"அதிகாரிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உள்ளதைச் சொல்லுவேன். தப்புப் பண்ணிட்டேன், இனிமே எதைத் துடைக்கிறதுக்கு முன்னாடியும் அது யாரோட சாப்பாடுன்னு பாப்பேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல?"

வாளியையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் திடீரென்று, "சார், கொம்பு ஆடுது!" என்றார்.

ஆடியது. மெல்லத் தலை நீண்டது. தாளின் ஓரத்தைக் கவ்வி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது.

"சாப்பிடுதும்மா! அடி என் ராசாத்தி, சாப்பிடுடி!" என்று பளிச்சு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த அம்மாளும் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். வாளித் தண்ணீர் இன்னொரு தடவை விரிப்பில் தளும்பியது.

பிறகு அவர் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ஏதோ எழுதினார். காகிதத்தின் மூலையில் ஊதா நிறத்தில் கட்டைவிரல் பதிந்தது.

"ஐயையோ, கறையாயிடுச்சே!" என்றார் பளிச்சு.

"இருக்கட்டும் சார். அழகாத்தான் இருக்கு."

"நான் எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?"

"உங்க வீட்டம்மா வரட்டும். ரெண்டு பேரும் சேந்தே போடுங்க."

'கரி வாங்குவதற்கு இரண்டு பேர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?' என்று பளிச்சு யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மணி அடித்தது. திறந்தார். வியர்த்து விறுவிறுக்க, தோளில் ஒரு பையோடு ஒருவர் நின்றார்.

"மன்னிச்சுக்கங்க சார், வழி தப்பிடுச்சு. மீன் தொட்டிக் கடையிலேருந்து கரி கொண்டாந்திருக்கேன்."