மிக மோசமான பன்னிரண்டு

கதை பொறுக்கும் வேலை இந்த வருடத்தோடு ஒழிந்தது என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிட்டு, கை கழுவி, ஒரு மனுஷன் நியாயமாகப் படுக்க வேண்டிய நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் என் மைத்துனர் ஆள் வைத்து இரண்டு சாக்கு மூட்டைகளைக் கூடத்தில் இறக்கினார்.

"இருநூத்திப் பதினாலு கதை, மாப்ளே! போன வருஷத்தைவிட முப்பது ஜாஸ்தி!"

எனக்குப் பேரன் பிறந்த சேதி மாதிரி சொன்னார். நான் மூட்டையைப் பார்த்தேன். மூட்டை என்னைப் பார்த்தது. இருவரும் பெருமூச்சு விட்டோம்.

விஷயம் இதுதான். என் மனைவியின் அண்ணன் ஒரு பதிப்பகம் நடத்துகிறார். 'ஆண்டின் சிறந்த அறிவியல் கதைகள்' என்று வருடா வருடம் ஒரு தொகுப்பு போடுகிறார். பன்னிரண்டு கதை. தேர்ந்தெடுப்பது நான். எனக்கும் அறிவியல் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், படிக்கிற காலத்தில் பறக்கும் தட்டு பற்றி ஒரு கதை எழுதினேன் என்று உளறிவிட்டேன். மனைவி அதை மறந்துவிட்டாள். அவள் அண்ணன் மறக்கவில்லை.

பதினொரு வருடம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கு நான் போய்வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. பூமி மட்டும் என் கண்ணெதிரில் நூற்றுப் பத்து முறை அழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுத்துப்பிழையோடு. தண்ணீர் மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் முள் நகர்வதைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண்கள் இவை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. மத்தியானம் ஜன்னலோரம் சாய்ந்து, எதையும் படிக்காமல், எதையும் யோசிக்காமல் கிடக்க வேண்டும். நான் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னேனே. மூன்று தடவை ராஜினாமா கொடுத்தேன். மூன்றையும் என் மனைவியே அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணன் மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?"

"என் கண்ணு என்ன பாடுபடுதுன்னு நீ யோசிச்சியா?"

"கண்ணுக்குச் சொட்டு மருந்து இருக்கு. மனசுக்கு இருக்கா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் முப்பத்தோரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இந்தத் தடவை நானாக விலகுவதில்லை, அவரே என்னை விரட்டட்டும் என்று திட்டம் போட்டேன். திட்டம் ரொம்ப எளிது. இருநூற்றுப் பதினாலில் மிக மோசமான பன்னிரண்டைப் பொறுக்கி எடுப்பது. புத்தகம் வெளிவரும். வாசகர்கள் காறித் துப்புவார்கள். மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டு, "போதும் மாப்ளே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்பார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் படுத்துக்கொள்வேன்.

மறுநாள் காலையே உட்கார்ந்தேன். அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. நல்ல கதையை ஒரே பக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம். மோசமான கதையை முழுசாகப் படித்தால்தான் எவ்வளவு மோசம் என்று தெரியும். இதைவிடக் கேவலமாக இருக்கவே முடியாது என்று ஒன்றை எடுத்து வைத்தால், அடுத்தது வந்து அதைத் தூக்கிச் சாப்பிடுகிறது. மூன்று கதையிலேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. மிச்சம் இருநூற்றுப் பதினொன்று. இதற்கு நல்லதையே தேர்ந்தெடுத்துத் தொலைக்கலாம் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மனைவி காபியோடு வந்தாள். எனக்குள் ஒரு பொறி தட்டியது.

"இந்தா, உனக்குப் பொழுது போகலன்னா இதுல நாலு கதையைப் படிச்சுப் பாரேன்."

"எனக்கா? இதெல்லாம் எனக்குப் புரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எப்போ சொன்னேன்?"

"முதல் புஸ்தகம் வந்தப்போ."

"அது அப்போ. இப்போ ஒரு சாதாரண வாசகி என்ன நினைக்கிறான்னு தெரியணும். படிச்சுட்டு நல்லாயிருக்கா, குப்பையான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாலு கதையை எடுத்து இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பன்னிரண்டு குப்பைகளை வீட்டுக்குள்ளேயே பொறுக்கித் தர ஆள் கிடைத்துவிட்டது! எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. விசில் வராது என்பதால் அடிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் எல்லாக் கதையும் "பரவாயில்லை"தான். மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"என்னங்க, இந்த மூணு தலை ராஜா கதை அபாரம்! ஆறு சண்டை, ஒரு முத்தம், கடைசியில சூரியனே வெடிச்சிடுது."

"ஓஹோ" என்று சுரத்தில்லாமல் அதைச் சாக்கில் போட்டேன்.

"இது சுத்தக் குப்பை. நிலாவுல ஒரு கெழவி கக்கூஸ் கழுவுறாளாம். அங்க போயும் அதே வேலைதானா? எழுதினவனுக்கு வெக்கமா இல்ல?"

"அப்படியா! ரொம்ப மோசமா?"

"படு மோசம்."

"குடு, குடு!" பாய்ந்து வாங்கி மேஜை இழுப்பறைக்குள் பத்திரப்படுத்தினேன்.

"இன்னொண்ணு. நாளுக்கு இருபத்தஞ்சு மணி நேரம் ஆயிடுதாம். கூடுதலா வந்த அந்த ஒரு மணி நேரமும் வீட்டுப் பொம்பளை பாத்திரம் தேய்க்கத்தான் போகுதாம். இதெல்லாம் ஒரு கதையா?"

"கர்மம், கர்மம். அதையும் குடு."

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் அடிக்கடி பால் தீய்ந்தது. கிழவி கதை அன்று பால் பாத்திரமே கரிக்கட்டையானது. இருபத்தைந்தாம் மணி அன்று ரொட்டி தீய்ந்தது. அவள் குப்பை என்று சொன்ன நாளிலெல்லாம் ஏதோ ஒன்று கருகியது. பாவம், கதை அவ்வளவு மோசம், படித்ததில் நிதானமே தப்பிவிட்டது என்று நினைத்தேன். தீய்ந்த ரொட்டியை வாய் பேசாமல் தின்றேன். விடுதலைக்காக மனிதர்கள் எத்தனையோ தின்றிருக்கிறார்கள்.

மூன்று மாதத்தில் பன்னிரண்டு குப்பைகள் சேர்ந்தன. நான் அதில் ஒன்றையும் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? அச்சுப் பிழை திருத்தும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினேன். மறுபேச்சில்லாமல் செய்தாள். முன்னுரை மட்டும் நான் எழுதினேன். 'இந்தப் பன்னிரண்டு கதைகளும் என் தூக்கத்தைக் கெடுத்தன' என்று ஆரம்பித்தேன். எந்தப் பன்னிரண்டு கதைக்கும் பொருந்துகிற மாதிரி எழுதி முடித்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினேன்.

புத்தகம் வெளிவந்தது. துப்பலுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். கையில் புத்தகம். கண் சிவந்திருந்தது. ஆஹா, ஆரம்பமாகிவிட்டது என்று எழுந்து நின்றேன்.

"சார், இப்படிப் பண்ணிட்டீங்களே சார்!"

"மன்னிக்கணும் டாக்டர். வயசாயிடுச்சு. ஏதோ தெரியாம..."

"அழ வெச்சுட்டீங்க சார்! அந்த ஏழாவது கதை!"

"எந்தக் கதை?"

"நிலாவுல கக்கூஸ் கழுவுற கெழவி! காத்து கசியுதுன்னு எந்த மெஷினும் சொல்லல, அவ மூக்கு சொல்லுது பாருங்க! யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க. அந்த இடத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எந்த இடத்துல?"

"அவ தனியா நின்னு கதவைச் சாத்துற இடம் சார்!"

"ஆமா... கதவு... கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றேன். நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி உங்களுக்குப் பல் பிடுங்குவதென்றால் முன்பதிவே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் மட்டும் நாற்பது கடிதம். ஒருவர் பாக்கியில்லாமல் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். 'தொகுப்பாளரின் கூர்மையான பார்வை' என்று ஒரு பத்திரிகை எழுதியது. கூர்மையான பார்வை! சொட்டு மருந்து பாட்டிலின் லேபிளே எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனர் வாயெல்லாம் பல்லாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குள் பாய்ந்தேன். மனைவி நிதானமாகக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்தக் கெழவி கதை குப்பைன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"ஊரே அழுவுது!"

"நானும்தான் அழுதேன். பால் பொங்கி வழிஞ்சது தெரியாம அழுதேன்."

"அப்புறம் ஏன் குப்பைன்னு சொன்னே?"

"பரவாயில்லைன்னு சொன்னா உங்க மூஞ்சி தொங்கிப்போகுது. குப்பையான்னு கேக்கும்போது மட்டும் மலருது. ரெண்டு நாள் பார்த்தேன், மூணாம் நாள் புரிஞ்சு போச்சு. பதினொரு புஸ்தகத்தையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சவ நான். எனக்கா காதுல பூ சுத்துறீங்க? ஒரு கதையை நீங்க புரட்டியாவது பார்த்திருந்தா நான் மாட்டியிருப்பேன். நீங்க பார்க்க மாட்டீங்கன்னு தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அசதி வந்தது. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் சும்மா கொஞ்ச நாள் படுத்துக் கெடக்கிறதுல உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க எங்கங்க படுக்கறீங்க? ரிட்டயர் ஆன மறுநாளே குழாய் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு ஒழுகுதுன்னு எண்ணி சுவத்துல ஒட்டுனீங்க. நான் துணி அலச எத்தனை லிட்டர் ஆச்சுன்னு பக்கத்துல நின்னு சொன்னீங்க. உப்பு டப்பாவுல சர்க்கரைன்னு லேபிள் ஒட்டுனீங்க. குளிச்சுட்டு வந்தா ஏன் பதினாறு நிமிஷம்னு கேட்டீங்க. இந்தக் கதை மூட்டை வந்தாத்தான் நீங்க அந்த ரூமுக்குள்ள போறீங்க. வருஷத்துல அந்த மூணு மாசம்தான் நான் மூச்சு விடுறேன். அதையும் புடுங்கிக்கப் பார்த்தீங்களே, இது நியாயமா?"

பதினாறு இல்லை, பதினேழு நிமிஷம். சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போனேன்.

"மச்சான், ஒரு விஷயம். இதுல ஒரு கதையைக்கூட நான் படிக்கல. எல்லாம் உங்க தங்கச்சி பொறுக்கினது. நான் மோசமான கதைகளைத்தான் போடணும்னு நெனச்சேன். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க."

மைத்துனர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது.

"இவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறமும் பேரைப் பொண்டாட்டிக்குக் கொடுக்கறீங்களே, மாப்ளே! இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்?"

"தன்னடக்கம் இல்ல மச்சான், நிஜமாவே..."

"போதும், போதும். நீங்க தங்கச்சிகிட்ட சொல்லியனுப்பின விஷயத்துக்கு நான் சம்மதிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்ன சொல்லியனுப்பினேன்?"

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். காரிலிருந்து ஓர் ஆள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். மனைவி காபியை மேஜைமேல் வைத்துவிட்டு, என் அறைக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

இனிமேல் வருடத்துக்கு இரண்டு தொகுப்பு. யோசனை என்னுடையதாம்.