சரக்கொன்றைக்கு ஏழு நாள் கெடு

கருங்குழி,
ஏப்ரல் 19.

மாமல்லபுரத்துக் கடலோர விடுதியில் பதினெட்டு தோட்டக்காரர்களை மேய்த்துக்கொண்டிருக்கும் என் பெரிய மச்சானும், என் மகள் ரூத்தின் தாய்மாமனுமாகிய உயர்திரு ஏசுதாஸ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் பூபாலன் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நால்வரும் சௌக்கியம். நால்வர் என்றது நான், உங்கள் தங்கை பிரிசில்லா, ரூத், வாசலில் நிற்கும் சரக்கொன்றை. இதில் நான்காவது ஆளின் சௌக்கியம்தான் அளவுக்கு மீறிப் போய்விட்டது. அங்கே உங்கள் வீட்டுக்காரி செங்கம்மாள் அக்காவின் மூட்டுவலி தேவலையா என்பதை அறிய ஆவலாக இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரே கிளையின் நுனியை நாற்பத்தேழு படம் எடுத்து, "இது மொட்டா, தளிரா?" என்று கேட்டு அனுப்பியதற்கு நீங்கள் என்னை வாட்ஸ்ஆப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அது தளிர்தான். ஆனால் தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது அல்லவா, அதனால் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் உரக்கப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். கல்பாக்கத்தில் பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் ரீடிங் எடுத்தவன், வாய்விட்டுச் சொல்லாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விடுதியில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். இந்த மரத்தை வெட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்று இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, எட்டு வருஷத்துக்கு முன்னால், கறுப்புக் கவரில் ஒரு சாண் கன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தவர் நீங்கள். அப்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாப்ள, இத்த நட்டுட்டு மறந்துடு. காஞ்சி கெடந்தாதான் பூக்கும். ரொம்ப சீராட்டினன்னு வெச்சிக்க, எலைய வுட்டுகினே இருக்கும்," என்றீர்கள். எனக்கு அது ஏறவில்லை. தொட்டியின் தண்ணீர் மட்டம் இரண்டு சிவப்புக் கோட்டுக்கு நடுவே நிற்க வேண்டும், இறங்கினால் மேலே பதில் சொல்ல வேண்டும், இதுதான் என் வேலை. அப்படிப்பட்டவனிடம் ஒரு ஜீவனைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றாதே என்றால் கை சும்மா இருக்குமா? காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம், மாசத்துக்கு ஒரு கூடைச் சாணம், கடலைப்பிண்ணாக்கு, மீன் கழுவின தண்ணீர், பழைய சிநேகிதர்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த இறால் தோல் என்று குறையே வைக்கவில்லை. மொட்டைமாடியைத் தாண்டி வளர்ந்துவிட்டது. புது இலை வரும்போது வெயில் பின்னாலிருந்து பட்டால் செம்புத்தகடு போல மின்னும், அதற்குக் கீழே நின்றால் நமக்கே முகம் தெளிந்துவிடும். ஆனால் பூ? எட்டு வருஷத்தில் ஒன்று, ஒரே ஒன்று கிடையாது. போன வாரம் வந்த கேஸ் சிலிண்டர்காரர் இது என்ன பெரிய சாதிக் கறிவேப்பிலையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுச் சடையப்பனின் மரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். யாரும் நடவில்லை, டிராக்டர் ஷெட்டுக்குப் பின்னால் கான்கிரீட் உடைத்துக் கொட்டின இடத்தில் தானாக முளைத்தது. தண்ணீர் என்றால் மழைத்தண்ணீர்தான். அது பங்குனி பாதியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுப் பத்தே நாளில் எப்படி ஆகிவிடுகிறது தெரியுமா? ஒரு முழம், ஒன்றரை முழம் என்று சரம் சரமாகத் தொங்குகிறது. மஞ்சள் என்று சொன்னால் போதாது, பழுத்த எலுமிச்சையிலும் ஒரு பச்சை ஓரம் இருக்குமே, இதில் அதுகூடக் கிடையாது. சரத்தின் மேல்பக்கம் விரிந்த பூ, கீழே போகப் போகச் சின்னச் சின்ன உருண்டை மொட்டு, லேசாகக் காற்று வந்தால் மொத்த மரமும் ஆடுகிறது. காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் வண்டு இரைச்சல் டிராக்டர் சத்தத்தையே அமுக்கிவிடும். பள்ளிக்கூட வேன் டிரைவர் அங்கே மட்டும் வேகத்தைக் குறைக்கிறார். நானும் தினம் போய் அண்ணாந்து நிற்கிறேன். ஒருநாள் சடையப்பன் பல் விளக்கிக்கொண்டே வந்து, "இன்னா அண்ணாத்த, மேல இன்னாத்த பாத்துகினு கீற, ஓணானா?" என்றான். பூ பூத்திருக்கிறது என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அட, ஆமா, பூ கீது," என்றான். எனக்கு வயிறு எரிந்தது, மச்சான். இப்படிப்பட்டவனுக்குத்தான் கொட்டுகிறது.

அதுமட்டுமா? கல்பாக்கம் டவுன்ஷிப்பில் சாலை ஓரத்து இயல்வாகை மரங்கள் உங்களுக்கே தெரியும். காலை ஷிப்ட்டுக்கு ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தார் ரோடே தெரியாமல் மஞ்சள் உதிர்ந்து கிடக்கும். சைக்கிளில் வருகிற ஒரு பெரிய விஞ்ஞானி, எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறவர், அந்த இடம் வந்ததும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். முப்பத்தொரு வருஷத்தில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும் பூவரசுகூட, காலையில் மஞ்சளாகப் பூத்து, மாலையில் சிவந்து, மறுநாளைக்கு வேறு பூ வைத்திருக்கிறது. உங்கள் விடுதியில் நீச்சல் குளத்தைத் தாண்டி நிற்கிற தபேபுயா மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலையே இல்லாமல் வெறும் பூ, பின்னால் நீலக்கடல். அன்றைக்கு நீங்கள் வற்புறுத்திக் கொடுத்த காபியை நான் குடிக்காமல் ஆறவைத்தது திமிரினால் அல்ல, அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வேடந்தாங்கலுக்கு எங்கெங்கிருந்தோ பறவை பருவம் தவறாமல் வந்து சேர்கிறது. இருந்த இடத்தை விட்டு நகராமல் சாப்பிடுகிற இந்த மரத்துக்கு மட்டும் காலம் தெரியவில்லை.

இதெல்லாம் எனக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தால் பரவாயில்லை. ரூத்தின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை ஜோஷ்வாவின் அம்மா, செங்கல்பட்டுச் சம்பந்தியம்மா, வரவேற்புக்கு எந்த மண்டபம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மண்டபம் இன்னாத்துக்குங்க? மே மாசம் எங்க வாசல்ல வந்து நின்னு பாருங்க, மேலருந்து தானா பூ கொட்டும்," என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதோடு விட்டேனா, பத்திரிகையில் "மாலை வரவேற்பு: மணமகள் இல்லத்துச் சரக்கொன்றைப் பந்தலில்" என்று அச்சடித்தும் ஆயிற்று. மதுராந்தகத்திலிருந்து பந்தல் அலங்காரம் செய்கிற தமிழ்வாணன் மஞ்சள் துணியும் பிளாஸ்டிக் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார். உயிருள்ள மரம் இருக்கிற வீட்டுக்குப் பிளாஸ்டிக்கைக் கொண்டுவர எப்படி மனசு வந்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். இப்போது கல்யாணத்துக்கு முப்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது. நானூறு பேர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். கை அரித்தது, வாசல் குழாயின் கைப்பிடியைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்படியும் மரத்தடி மண் ஈரமாகவே இருக்கிறது. குழாய் எங்கோ கசிகிறது என்று பரணிதரன் என்கிற பிளம்பரைக் கூப்பிட்டு வாசலில் மூன்று இடத்தில் தோண்டினோம். கசிவு இல்லை. தோண்டின வேகத்தில் சரியாக இருந்த குழாய் ஒன்று உடைந்து தெருவே குளமாயிற்று, அந்தத் தண்ணீரும் நேராக வேருக்குத்தான் போனது. ஏரித்தண்ணீர் ஊற்று ஏதாவது பூமிக்கடியில் வருகிறதோ என்று இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தேன், நான் புதையல் எடுப்பதாகச் சடையப்பன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். பிரிசில்லாவோ மரத்தைக் கண்டாலே கரித்துக்கொட்டுகிறாள். "எட்டு வருசமா இந்த எலைய கூட்டிகினே கீறன், ஒரு பூவுக்கு வக்கில்ல. வெட்டிப் போட்டா கார் நிக்க எடமாவது ஆவும்," என்பது அவள் தினசரி ஜெபம்.

ஆனால் என்னைக் கொல்வது இதெல்லாம் இல்லை. கன்று நட்டபோது ரூத் பிளஸ் டூ. ஒவ்வொரு கோடைக்கும் வாசலில் வந்து நின்று, "அப்பா, இந்த வருசமாப்பா?" என்று கேட்பாள். நானும் இந்த வருஷம்தான் என்பேன். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் இருவரும் தோஹாவுக்குப் போகிறார்கள். அடுத்த கோடையில் பூத்தால் நான் படம் எடுத்து அனுப்பலாம், அவளும் நன்றாயிருக்கிறது என்று பதில் போடுவாள். அதற்காகவா எட்டு வருஷம் சுமந்தேன்? அவள் இந்த வாசலில் நின்று, கண்ணால் பார்த்து, தலையில் நாலு பூ வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஆகையால் இன்றிலிருந்து ஏழு நாள் கெடு. வருகிற 26ஆம் தேதிக்குள் ஒரு மொட்டாவது கண்ணில் படாவிட்டால் இந்த மரம் இங்கே நிற்காது. மெஷினோடு கயிறும் கொண்டுவரவும். இந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இந்த மரம் இங்கே நிற்காது.

அக்காவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் கை பட்ட செடியெல்லாம் தழைக்கவும், உங்கள் வீட்டில் சமாதானம் குறையாமல் இருக்கவும் கர்த்தரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாப்பிள்ளை,
பூபாலன்.

பின்குறிப்பு: மச்சான், இதைச் சமையலறைக்குள் வந்து, வாயைத் திறக்காமல் எழுதுகிறேன். மெஷின் கொண்டுவர வேண்டாம். மேலே எழுதியது எல்லாம் உங்களுக்கு எழுதியது இல்லை, மரத்துக்குப் படித்துக் காட்டியது. சடையப்பன்தான் சொன்னான். "காய்க்காத மாமரத்த நாங்க மெரட்டுவோம் அண்ணாத்த. ஒருத்தன் கோடாலிய எடுத்துகினு வெட்டறன்னு போவான், இன்னொருத்தன் குறுக்க வுழுந்து, வுடுப்பா, அடுத்த வருசம் காய்க்கும்னு தடுப்பான். மரம் பயந்துகினு காய்ச்சிடும்," என்றான். கோடாலியை எடுத்தால் எங்கள் சபை ஆயர் காதுக்குப் போய், அடுத்த ஞாயிறு வேதத்தில் வரும் கனி கொடாத அத்திமரத்தைப் பற்றிப் பிரசங்கம் வந்துவிடும். மச்சானுக்குக் கடிதம் எழுதுவது பாவமில்லையே என்று இப்படிச் செய்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பேசினால் ரோஷம் வரும் என்றுதான் சடையப்பன் மரத்தை அவ்வளவு புகழ்ந்தேன். புகழ்ந்ததில் பொய் இல்லை.

தடுப்பதற்குத்தான் ஆள் ஏற்பாடு செய்ய மறந்துவிட்டேன். இரண்டாம் தடவை "இந்த மரம் இங்கே நிற்காது" என்று படித்தேனோ இல்லையோ, பிரிசில்லா உள்ளேயிருந்து ஓடிவந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். கையில் அரிசி கழுவின தண்ணீர்க் குண்டான். "யாரு மேல கைய வெக்கப் பாக்கற நீ? வெட்டுன்னு சொன்னா வெட்டிடுவியா?" என்றாள். குண்டானைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "நீ தண்ணிய நிறுத்தினதும் வாடிப் போச்சி. மனசு கேக்கல. அன்னிலருந்து தெனம் சாயந்தரம் நான்தான் ஊத்திகினு கீறன். பூக்காட்டி போவுது. பொண்ணு பிளேன் ஏறிட்டா, காலைல கதவத் தொறந்து நான் யார பாக்கறது?" என்று கேட்டாள்.

எட்டு வருஷம் நான் கெடுத்தேன், இரண்டரை மாதம் அவள் கெடுத்திருக்கிறாள். இந்த மே மாதமும் மரம் பச்சையாகத்தான் நிற்கும். தமிழ்வாணனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, மஞ்சள் துணியோடு வரச் சொல்லிவிட்டேன். பிளாஸ்டிக் பூ வேண்டாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வெட்டுவதாக இருந்தது வெறும் நடிப்பு என்று உங்கள் தங்கையிடம் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதீர்கள். மத்தியானம் சாப்பிட்டதும் மறுபடி போய் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். தான் காப்பாற்றின மரம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும், ரூத் போன பிறகு அவளுக்கு அது வேண்டியிருக்கும்.