பூப்போட்ட குஷன்

பாதிப் பருவத் தேர்வில் புள்ளியியலுக்குக் கிடைத்த மதிப்பெண்ணைத் தூங்குமூஞ்சி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய எண்ணும் இல்லை.

தூங்குமூஞ்சி என்பது அறைத்தோழன் வைத்த பெயர். வீட்டில் அம்மா போர்வையை இழுத்து எழுப்புவாள். விடுதியில் இழுக்க ஆளில்லை. காலையில் முதல் வகுப்பே புள்ளியியல். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் மறைத்ததைக் கல்லூரி அப்பாவிடம் சொல்லிவிட்டது.

"பருவத் தேர்வுலயும் கோட்டை விட்டா நேரா கிளம்பி வந்துடு. கடையில ஆணி எடை போட ஆள் இல்ல."

அப்பா விளையாட்டுக்குச் சொல்பவர் அல்ல.

பின்தங்கிய முதலாண்டுக்காரர்களுக்கு மாலையில் நூலக மூலையில் ஒரு சீனியர் பாடம் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டு, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனான். அங்கே ஒரு மேசை, சுவரில் ஒரு பலகை, இரண்டு நாற்காலிகள். ஆள் இல்லை. ஒரு நாற்காலிக்குக் கால் ஆடியது. இன்னொன்றில் பூப்போட்ட குஷன். அவனைக் கேட்கவா வேண்டும்? குஷனில் உட்கார்ந்தான். உடனே கண் சொக்கியது.

விழித்தபோது எதிரே குள்ளமாய் ஒரு பெண், கையில் புத்தகத்தோடு.

"இங்க பாடம் சொல்லித் தர்றது..." என்று இழுத்தாள்.

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தவளிடம் 'நான் மக்கு' என்று எப்படிச் சொல்வது? "நான்தான்" என்று வாய் முந்திக்கொண்டது.

அவள் அவனைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்படியா அண்ணா? எனக்குத் திட்ட விலக்கம் புரியல."

அதுவரை அதை, திட்டு வாங்குவதிலிருந்து கிடைக்கும் விலக்கு என்றே அவன் நினைத்திருந்தான்.

"முதல்ல உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. எங்க தப்புன்னு பாக்கறேன்."

ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று படம் போட்டுச் சொன்னாள். இவ்வளவு தெரிந்தவளுக்கு எது புரியவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

"கடைசியில வர்க்கமூலம் எடுக்க வேண்டாம்தானே அண்ணா?"

"வேண்டவே வேண்டாம்."

"புத்தகத்துல எடுக்கச் சொல்லியிருக்கே."

"நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்."

தப்பித்தோம் என்று எழுந்தான். மறுநாள் அவள் இரண்டு முதலாண்டுப் பையன்களையும் கூட்டி வந்தாள்.

"இவங்களுக்கும் நீங்கதான் கதி, அண்ணா."

தொண்டையைப் பிடித்துக்கொண்டு, பேச வரவில்லை என்று சைகை காட்டினான்.

"பாவம், பேச வேண்டாம். கணக்கைப் பலகையில போட்டுக் காட்டுங்க, போதும்."

சாக்பீஸைக் கையில் திணித்தாள். பாதிக் கணக்கில் அவன் முழிக்க, "இங்க வகுக்கப் போறீங்கதானே?" என்று சந்தேகம் கேட்டாள். வகுத்தான். விடை வந்துவிட்டது. அவனே ஆடிப்போனான்.

சொன்ன பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. மாலைக் கணக்கை முன்கூட்டியே பார்த்துவைக்க விடியற்காலையில் எழுந்தான். அறைத்தோழன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"உடம்பு சரியில்லையாடா?"

எழுந்ததுதான் எழுந்தோமே என்று முதல் வகுப்புக்கும் போனான். பேராசிரியர், "நீங்க எந்தத் துறை?" என்று மரியாதையாக விசாரித்தார்.

பருவத் தேர்வில் பாஸ். அதுவும் வெளியே சொல்லிக்கொள்ளும்படியான பாஸ். "கடைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. கூடவே நெஞ்சு உறுத்தியது. பாவம், தன்னை நம்பி வந்த அந்தப் பெண் தேறினாளோ இல்லையோ.

அன்று மாலை வழக்கம்போலக் குஷனில் உட்கார்ந்து காத்திருந்தான். அவள் வந்து அமர்ந்ததும் கொட்டிவிட்டான்.

"என்னை மன்னிச்சுடு. நான் சீனியரே இல்ல, முதல் வருஷம்தான். அன்னைக்கு நானே பாடம் கேக்கத்தான் வந்தேன். தெரியாம இதுல உட்கார்ந்துட்டேன்."

அவள் பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"தெரியும் தம்பி. அந்தக் குஷன் எங்க அம்மா எனக்குத் தைச்சுக் கொடுத்தது."