ஆட்சேபனை இல்லை என்று பதிவான வழக்கு

பிளாக்டவுன், சிட்னி
06.06.2012

அன்பு மச்சான் அஷ்ஃபாக் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம், பலசரக்குக் கடையும் சுகம். உங்கள் வீட்டார் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

உங்கள் தங்கச்சி ஆஃபியாவை என்னிடம் திரும்பி வரச் சொல்லுங்கள் என்று போன கிழமை ஃபோனில் கேட்டேன். நீங்களோ நியூ ஜெர்சியில் இருபது வருஷம் வக்கீல் ஆபீஸில் அப்பீல் கட்டு சுமந்தவர், எனக்குச் சட்டம் படிப்பித்தீர்கள். அமெரிக்காவில் மேல் கோர்ட் சாட்சியைக் கூப்பிடாதாம். கீழ்க் கோர்ட்டில் எழுதி வைத்ததை மூன்று நீதிபதிகள் வாசிப்பார்களாம், பிழை இருந்தால் கேஸைத் திரும்பக் கீழேயே அனுப்புவார்களாம். கீழே சொல்லாத ஆட்சேபனை மேலே எடுபடாதாம். ரசீது இல்லாமலே அழுகின பூசணியைத் திருப்பி எடுக்கிறவன் நான். இது என்ன கோர்ட், மச்சான்?

என்னிடம் புதுச் சாட்சி நிறைய இருக்கு. எட்டு மாதமாக அவளுடைய செருப்பு வாசலிலேயே கிடக்கு. பக்கத்து வீட்டு ரஞ்சினி அன்ரி நான் மெலிந்துபோனதை எழுதித் தரத் தயார். காலையில் கை தன்பாட்டில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றுது, இரண்டாவதையும் நானே ஆறவிட்டுக் குடிக்கிறன். ஒன்றும் ஏற்கப்படாது என்கிறீர்கள். சரி, பழைய பதிவையே வாசியுங்கள்.

வேறு மாநிலத்தில், பொயிண்ட் குக்கில் மகள் றிஃப்னாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்து, அங்கே உதவிக்கு நின்ற ஆஃபியா வீட்டுக்கு வந்து ஒரு கிழமை இருந்தாள். பிறகு குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, "நான் மகளோடயே போய் இருக்கப் போறன். இஞ்ச ஒரு மனிசரோட கதைக்கிறண்டா நான் கடைக்கு வரவேண்டிக் கிடக்கு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். நான் ஃபோனில் கடைக்குச் சரக்குப் போடும் சீரகக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன், பொறு என்று விரலைக் காட்டினேன். விலை படிந்து திரும்பிப் பார்த்தால் அவளை ஏற்றிக்கொண்டு டாக்ஸி போய்விட்டது. பதிவில் இருப்பது சீரகம் மட்டும்தான், மச்சான்.

உச்ச நீதிமன்றம் தனக்கு இஷ்டமான கேஸை மட்டும் எடுக்கும், மற்றதைக் காரணம் சொல்லாமலே தள்ளிவிடும் என்றீர்கள். அது எனக்குப் புதிதில்லை. கொழும்பிலிருக்கும் உங்கள் உம்மாவுக்குப் பதினொரு தரம் ஃபோன் அடித்தேன். எடுக்கவுமில்லை, ஏன் என்று சொல்லவுமில்லை.

ஆகவே விதியைத் தளர்த்தி நீங்கள்தான் தீர்ப்பை மாற்ற வேண்டும். மச்சிக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
மீரா சாஹிபு

பி.கு.: அப்பீல் வாபஸ், கடிதத்தைக் கிழித்துவிடவும். கவரை ஒட்டினபிறகு (இப்போது பிரித்துத்தான் இதை எழுதுகிறேன்) ஆஃபியாவுக்கே ஃபோன் எடுத்து, நீ இல்லாமல் எனக்கு இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டேன். "இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். அமெரிக்கச் சட்டம் அவளுக்கும் தெரிந்திருக்கு. "ஃபோன்ல வேணாம். இஞ்ச வந்து, என்ட முகத்தப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். கேஸ் கீழ்க் கோர்ட்டுக்கே திரும்பிவிட்டது, மச்சான். வெள்ளி, சனி கடை பூட்டு. இதை எழுதுகிற நேரம் சீரகக்காரன் மூன்று தரம் அடித்துவிட்டான். எடுக்கவில்லை. காரணமும் சொல்லப் போவதில்லை.