ஊசி போட்டால் மறையும் கட்டி

"காலையில இருந்த கட்டி மத்தியானம் எங்கேம்மா போச்சு?" போனிலேயே கத்தினார் சர்ஜன்.

ஸ்கேன் டாக்டரம்மாவுக்கும் அதுதான் புரியவில்லை. மூட்டுவலிக்கு வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கிவரும் ஒரு டிரில் மாஸ்டரின் ஈரல் அது. அல்ட்ராசவுண்டில் மூன்று கட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. மாத்திரையால் வந்தவையா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிய, சாய ஊசி போட்டு சி.டி. எடுக்கச் சொன்னார். அதில் ஈரல் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"மாத்திரையாலன்னா அதை நிறுத்தினாப் போதும். இல்லேன்னா நான் கத்தியை எடுக்கணும். எது? சீக்கிரம் சொல்லுங்க!"

"ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

வைத்துப் பார்த்தார். ஈரலோடு ஈரலே பொருந்தவில்லை.

டெக்னீஷியனைக் கூப்பிட்டார். "மூச்சைப் பிடிக்கச் சொன்னீங்களா, இல்லையா?"

"தொண்டை கிழியக் கத்தினேன் மேடம். பிடிச்சாரு."

"பிடிச்ச லட்சணம் தெரியுது!"

சரி, எம்.ஆர்.ஐ. இருக்கவே இருக்கிறது. முதலில் ஊசி இல்லாமல் எடுத்தார்கள். மூன்று கட்டிகளும் பழைய இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. "நாளைக்கு வரச் சொல்லி, ஊசியும் போட்டு எடுத்துடுங்க. முடிஞ்சுது கதை."

மறுநாள் எடுத்தார்கள். கட்டி ஒன்றுகூட இல்லை.

மெஷினில் கோளாறோ என்று மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். திரும்பப் பூட்டி முடிக்கும் வரை வராந்தாவில் காத்திருந்தவர்களின் வசவெல்லாம் டாக்டரம்மாவுக்கே வந்து சேர்ந்தது.

"சாப்பிட்டியா?" என்று போன் செய்தார் கணவர்.

"கட்டி கிடைக்கட்டும், சாப்பிடறேன்."

விஷயம் தலைமை டாக்டரின் காதுக்கு எட்டியது. நான்கு படங்களையும் வரிசையாக மாட்டிப் பார்த்தார்.

"ஊசி போடலேன்னா இருக்கு, போட்டா இல்ல. ஏம்மா, இந்த ஊசியே கட்டியைக் கரைக்குதோ?"

"சார், அது வெறும் சாயம் சார்!"

"பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். நீ சும்மா இரு."

சாயங்காலத்துக்குள் மாநாட்டில் பேச ஏற்பாடே செய்துவிட்டார். சர்ஜனோ, கத்தியா மாத்திரையா என்று மறுபடி போனில் கத்தினார். டாக்டரம்மா பொறுக்கமாட்டாமல் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோளாறு தன் கண்ணில்தானோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"படம் பார்த்தது போதும். ஆளைக் கூப்பிடுங்க. என் கண் முன்னாடியே ஊசி போட்டு எடுக்கணும்."

டிரில் மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். மருந்துப் பையோடு பின்னாலேயே அவருடைய தம்பி. ஊசியைக் கண்டதும் மாஸ்டர் இரண்டு எட்டு பின்வாங்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தம்பி பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, எழுந்திருங்க! உங்களுக்கு இல்ல, பேஷன்ட்டுக்கு!"

தம்பி கையை நீட்டியபடியே சொன்னார்: "ஊசின்னாலே அண்ணனுக்கு மயக்கம் வந்துடும் டாக்டரம்மா, அதான் ஊசி போடற படத்துக்கெல்லாம் நானே வந்து படுத்துக்கிட்டேன்."