மாப்பிள்ளை இறங்கிய உயரம்

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரே வேலைதான்: சும்மா இருப்பது. எனக்கு அதுவும் வரவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். வீடு வில்பட்டியில், ஜீப் பட்டறை கொடைக்கானலில். ஜீப்புகளின் உடைந்த பட்டை ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி, உலகத்து வண்டியெல்லாம் என் கைக்கு அடங்கும் என்ற திமிர் ஏறியிருந்தது (மீசைதான் சரியாக ஏறவில்லை). பெண்ணுக்கு ஊர் பாலசமுத்திரம், கல்யாணம் பழனியில். செல்வராசு மாமா, தான் வேலை பார்த்த ஓட்டல் முதலாளியின் பிரம்மாண்டமான வெளிநாட்டுக் காரை இரவல் வாங்கி வந்திருந்தார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக, காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கிற வண்டி.

விடிந்து பார்த்தால், பின்பக்கம் மட்டும் தரையோடு தரையாக, எருமை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“ஏலே, மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” மாமா தலையில் கைவைத்தார்.

“ஜீப்பு ஒண்ணப் பிடிச்சு வெரசா கெளம்புவோம்ண்ணே,” என்றாள் அம்மா. அன்றைக்கு எங்கள் தரப்பில் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

நான் விடுவேனா? பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஜாக்கி வைத்து, முட்டுக்கொடுத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். சோப்பு நுரையைத் தடவியதும், காற்றுக் குழாய் சேருகிற இடத்தில் குபுகுபுவென்று குமிழிகள். குழாயின் நைந்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினேன். கசிவு நின்றது. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அங்கே ஒரு சிறு தண்டு உண்டு. இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றி வைத்திருந்தேன். திரும்ப மாட்டினேன், தலைகீழாக.

இன்ஜினைப் போட்டதும் பின்பக்கம் கம்பீரமாக எழுந்தது.

“பாத்தீங்களா மாமா!”

எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. ‘இன்னும் பள்ளத்தில்தான் கிடக்கிறோம்’ என்று தண்டு பொய் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பிக் காற்றை அடைத்துத் தள்ளியது.

“போதும்டா, நிப்பாட்டு!”

“போகப் போகச் சரியாயிரும் மாமா.” (பட்டறைக்காரன் வாயில் இந்த வார்த்தை வந்தால் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.)

முகூர்த்தம் நெருங்கியதால் அப்படியே கிளம்பினோம். மலைப்பாதையே இறக்கம், அதில் வண்டியும் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு போனது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்சீட்டிலிருந்து நானும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு வழுக்கிப் போய் மாமாவின் சீட்டு முதுகில் மோதினோம்.

“கல்யாணம் ஒனக்கு, அடி எனக்காடா?” என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே ஓட்டினார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள், முன்னால் மாமனார். மாடி ஜன்னலில் மணப்பெண். கதவைத் திறந்தேன். தரை எங்கேயோ கீழே தெரிந்தது. காலை நீட்டினேன், வேட்டி படியில் மாட்டியது. அடுத்த நொடி மாமனாரின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேன்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எந்திரிங்க மாப்ள! நல்லாருங்க! இந்தக் காலத்துல இம்புட்டு மரியாத யாருக்குத் தெரியும்?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். செல்வராசு மாமா பின்னாலிருந்து கிள்ளினார்.

சாயங்காலமே தண்டைத் திருப்பி மாட்டினேன், வண்டி சரியாகிவிட்டது. மாமனாரைத்தான் சரிசெய்ய முடியவில்லை. பொங்கலோ காதுகுத்தோ, என்னைக் கண்டதும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றுவிடுவார். என்னால் தாங்களும் அவர் காலில் விழவேண்டியதாகிவிட்டதே என்று சகலைகள் என்னோடு இன்றுவரை முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

வேட்டி தடுக்கித்தான் விழுந்தேன் என்று பெண் வீட்டில் தெரிந்தவள், ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்த என் மனைவி ஒருத்திதான். இப்போதும் மாமனார் வீட்டு வாசற்படியில் நான் லேசாகத் தடுக்கினால் போதும், உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்:

“அப்பா, வெரசா வாங்க! ஒங்க மாப்ள மரியாத குடுக்கப் போறாரு!”