பன்னிரண்டாம் படுக்கைக்கு டெஸ்ட் டோஸ்

பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் கையில் வட்டத்தைக் காணோம்.

நர்சிங் மாணவி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை. "ஆன்டிபயாடிக் டெஸ்ட் டோஸ் போட்டு, சுத்தி பேனாவால வட்டம் போட்டிருக்கேன். பத்தரைக்குப் பாரு. உள்ள தடிச்சிருந்தா அந்த மருந்தே வேண்டாம்," என்று சொல்லிவிட்டு சீனியர் சிஸ்டர் அடுத்த வார்டுக்குப் போயிருந்தார்.

மாணவியின் அப்பா, ஒத்துக்கொள்ளாத ஓர் ஊசியில் பத்தே நிமிடத்தில் போனவர். அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான்.

"நீங்கதானே பன்னிரண்டாம் படுக்கை?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் படுத்திருந்தவர் திருதிருவென்று விழித்தார். "ஆமாம்மா. யார் வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

"கையில இருந்த வட்டம் எங்க?"

"என்ன வட்டம்?"

அழித்தே விட்டார்! முன்கையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. இதுவாகத்தான் இருக்கும். தன் பேனாவால் சுற்றி வட்டம் போட்டாள்.

"அரிக்குதா?"

"இல்லையே..." கொஞ்சம் யோசித்தார். "நீ கேட்டதும் அரிக்குது."

பரபரவென்று சொறிந்தார். புள்ளி தடித்து வட்டத்தைத் தொட்டது. அவள் இன்னும் பெரிய வட்டம் போட்டாள். அதையும் நிரப்பினார்.

பாடப் புத்தகத்தின் ஒவ்வாமை அறிகுறிகளில் அரிப்புக்கு அடுத்த வரி படபடப்பு.

"நெஞ்சு படபடன்னு இருக்கா?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா இருக்கும்மா. நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"பேசாதீங்க!" வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, நாடியைப் பிடித்தாள். நூற்றிருபது. துடிப்பது அவர் நாடியா, தன் விரலா என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வரி மூச்சுத் திணறல். அதைக் கேட்கவே அவளுக்குத் தைரியமில்லை. கேட்காமலே அவர் புஸ் புஸ்ஸென்று இரைக்க ஆரம்பித்தார்.

அவசர மருந்துத் தட்டை எடுக்க ஓடினாள். அது கைநழுவி வார்டே அதிர விழுந்தது. பதினொன்றாம் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், எனக்கும் அரிக்குது," என்றார்.

தெர்மாமீட்டரைப் பிடுங்கிவிட்டு ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள். அவர் கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"ஐயா, கண்ணை மூடாதீங்க. என்னையே பாருங்க. போயிடாதீங்க."

அன்று அப்பாவிடம் இப்படிச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

சத்தம் கேட்டு சீனியர் சிஸ்டர் ஓடி வந்தார். "என்னடி ஆச்சு?"

"வட்டத்தைத் தாண்டித் தடிச்சிருச்சு சிஸ்டர்! இவரைக் காப்பாத்துங்க!"

சிஸ்டர் குனிந்து படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மாணவியைப் பார்த்தார். அதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. முன்கையைப் பூப்போல நீட்டிப் பிடித்தபடி ஒருவர் வந்தார்.

"வட்டம் அழிஞ்சிடக் கூடாதேன்னு கைகூடக் கழுவலை சிஸ்டர்... ஆமா, படுக்கைக்குக் காவல் வெச்சிட்டுப் போன என் மச்சானுக்கு எதுக்கு ஆக்சிஜன்?"